பத்து நாள் லீவு ஏன் போதவில்லை?

கேள்வி: சோழிங்கநல்லூரில் ஐடி வேலை, 9 வருடமாக புரொடக்‌ஷன் சப்போர்ட், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் சாஃப்ட்வேரில் கோளாறு வந்தால் சரிசெய்வது. அமெரிக்க கிளையன்ட் என்பதால் ராத்திரி 11 மணிக்கும் கால் வரும், போதாததற்கு வாரம் விட்டு வாரம் ஆன்-கால், எந்நேரம் கூப்பிட்டாலும் எடுத்தாக வேண்டும். சில மாதங்களாக லேப்டாப்பைத் திறக்கவே கை வரவில்லை. 10 நாள் லீவு போட்டு ஊருக்குப் போய் வந்தேன், திங்கட்கிழமை மதியத்துக்குள் பழையபடி ஆகிவிட்டது. வேலையை விட்டுவிடலாமா? வீட்டுக்கடன் இருக்கிறது.
– பெயர் வேண்டாம், சென்னை-119

பதில்: அவசரப்பட்டு விட வேண்டாம், ஆனால் இப்படியே இன்னும் ஆறு மாதம் ஓட்டவும் வேண்டாம். நானும் இதே சப்போர்ட் வேலையில் இருந்து வந்தவள்தான். ஒரு நாள் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தபோது பக்கத்தில் யாரோ ஒருவரின் போனில் என் அலர்ட் டோன் அடித்தது. என் போன் பையில் சும்மாதான் கிடந்தது, ஆனால் கை நடுங்கி பாதி டீ செருப்பில் கொட்டிவிட்டது. அன்றைக்குத்தான் இது வெறும் அலுப்பு இல்லை என்று புரிந்தது.

இதற்குப் பெயர் பர்ன்அவுட், வேலையிலேயே தீர்ந்துபோய் நிற்பது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் இதை நோய் என்று சொல்லவில்லை, சரிவரக் கையாளப்படாத நாள்பட்ட வேலை அழுத்தத்தால் வரும் நிலை என்றுதான் வகைப்படுத்தியது. உங்கள் லீவு ஏன் பலிக்கவில்லை என்பதற்கு இதிலேயே பதில் இருக்கிறது. நீங்கள் ஊருக்குப் போனீர்கள், அந்த 11 மணி கால் இங்கேயே காத்திருந்தது. லீவில் ஆபீஸ் மெசேஜ் வரும் டீம்ஸ் ஆப்பை போனிலிருந்து எடுத்தீர்களா? இல்லையென்றால் அந்த 10 நாளும் பாதி லீவுதான்.

அதனால் முதலில் ராத்திரியை மீட்டுக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு ஆன்-கால் சுற்றிலிருந்து விலக்கச் சொல்லியோ, ராத்திரி கால் எடுத்தால் மறுநாள் மதியம்தான் வருவேன் என்றோ மேனேஜரிடம் பேசுங்கள். பேசியதை அன்றே மெயிலில் போட்டுவிடுங்கள், வாய்ப்பேச்சு அடுத்த ரிலீஸ் வரும்போது மறந்துபோகும். மறுத்தால் அதே கம்பெனியில் ராத்திரி வேலை இல்லாத வேறு புராஜெக்ட் கேளுங்கள். அதுவும் நடக்காவிட்டால், வேலையில் இருந்துகொண்டே வெளியே தேடுங்கள். நோட்டீஸ் 90 நாள் என்று இருந்தால் அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள், கையில் ஆறு மாத இஎம்ஐ சேரும்வரை பேப்பர் போட வேண்டாம்.

அப்புறம் ஒரு டாக்டரைப் பாருங்கள். தைராய்டு, பி12, ஹீமோகுளோபின் குறைந்தாலும் இதே சோர்வு வரும், ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். வேலை மட்டுமில்லாமல் பிடித்த சாப்பாடு, பிள்ளைகளின் பேச்சு எதிலுமே மனம் ஒட்டவில்லை, வாழவே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம், ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். 14416 டெலி மானஸ், அரசு நடத்தும் இலவச எண், எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

எனக்கு லேப்டாப்பை பயமில்லாமல் திறக்க ஏழெட்டு மாதம் பிடித்தது. நடுவில் பல நாள் மறுபடி விழுந்தேன். உங்களுக்கும் அப்படி நடந்தால் பயப்படாமல் எனக்கு எழுதுங்கள்.