இயன் ஹேக்கிங் நூல்களில் எதை முதலில் படிப்பது? நிகழ்தகவா, மனநோயா?

மனநோய். ஹேக்கிங் கனடா நாட்டுத் தத்துவவாதி, இரண்டையும் பற்றி எழுதியவர். நீங்கள் கல்லூரி மாணவர் என்று நினைக்கிறேன். நிகழ்தகவு பற்றி 1975இல் வந்த 'தி எமர்ஜென்ஸ் ஆஃப் பிராபபிலிட்டி'யில் தொடங்கு என்று யாராவது சொல்லியிருப்பார்கள். நானும் அதில்தான் தொடங்கினேன், நாற்பது பக்கம் தாண்டவில்லை. தன்னை மறந்து ஊர் ஊராய்ப் போகும் மனநோய் பற்றி 1998இல் வந்த 'மேட் டிராவலர்ஸ்' கைக்கு வந்த பிறகுதான் தூக்கம் போனது. காரணம் என் தாய்மாமா.

எங்கள் ஊர் ராமநாதபுரம் மாவட்டத்து வாலிநோக்கம். மாமாவுக்கு உப்பளத்தில் வேலை. உப்பு வாரிக்கொண்டிருப்பவர் அப்படியே போட்டுவிட்டு நடக்க ஆரம்பித்துவிடுவார். வேம்பார் வரை, ஒருமுறை தூத்துக்குடி வரை. நாலைந்து நாள் கழித்துக் கால் வெடித்துத் திரும்புவார். எங்கே போனோம் என்று அவருக்கே தெரியாது. காத்துக் கருப்பு என்றார்கள். ஏர்வாடி தர்காவில் பாட்டி இரண்டு மாதம் அவரோடு கிடந்தாள். வந்தார், மறுபடி உப்பு வாரினார். அவ்வளவுதான்.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் மனநோயாளிகள் காப்பகக் கொட்டகை எரிந்து, சங்கிலியில் கிடந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்களே, அதற்கப்புறம் பாட்டி பயந்துபோய் மாமாவை டாக்டரிடம் கூட்டிப்போனாள். சீட்டில் ஒரு நோயின் பெயர் எழுதித் தந்தார்கள்.

அந்தப் பெயர் வந்ததும் மாமா வேறு ஆள். டீக்கடைக்குப் போனாலும் பின்னாலேயே ஒரு பையனை அனுப்பினோம். உப்பளத்தில் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். நன்றாக இருக்கும் நாளிலும், "எனக்குத்தான் வியாதியாச்சே மருமவனே" என்று திண்ணையில் சாய்ந்துகொண்டார். ஹேக்கிங் பேசுவது இதைத்தான். உப்புக்கு என்ன பெயர் வைத்தாலும் உப்புக்குத் தெரியாது. மனிதன் தனக்கு வைத்த பெயரைக் கேட்டு மாறுவான். அவன் மாறினால் அந்தப் பெயரின் பொருளையும் மாற்ற வேண்டிவரும்.

உடனே சண்டைக்கு வராதீர்கள். நோயே பொய் என்று ஹேக்கிங்கும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. மாத்திரை மாமாவைத் தூங்க வைத்தது.

அடுத்து 'தி டேமிங் ஆஃப் சான்ஸ்' (1990) படியுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் தற்கொலை, குற்றம், நோய் என்று அரசுகள் எண்ணித் தள்ளின. அந்த எண்களிலிருந்து 'நார்மல்' மனிதன் எப்படி முளைத்தான் என்பது கதை. எண்ணுவதற்கு முன் வகை பிரிக்க வேண்டுமே, மாமாவின் சீட்டுக்கும் இதற்கும் அங்கேதான் முடிச்சு.

    

'மேட் டிராவலர்ஸ்' நாயகன் ஆல்பர்ட் டாடாஸ், பிரான்சின் போர்டோ நகரத்து எரிவாயு கம்பெனித் தொழிலாளி. 1880களில் தன்னை மறந்து மாஸ்கோ வரை போனவர். 1887இல் அவருடைய மருத்துவர் அதை ஆய்வேடாக எழுத, அதே நோயோடு வேறு பலரும் வந்து நின்றார்கள். இருபது வருஷத்தில் அந்த நோயே காணாமல் போனது. மாமாவிடம் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "செருப்பு போட்டுப் போனானா?" என்றார்.