வாசகர் கேள்வி – பதில்: ஒரு மதத்துக்குள்ளே பல வழிகள்

யூதம், கிறிஸ்தவம், இஸ்லாம் ஆகிய மூன்று மதங்களையும் மாணவருக்கு எவ்வாறு எடுத்துச் சொல்வது என்பது பற்றித் திருகோணமலை மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களுள் சிலவற்றுக்கு இம்முறை பதில் தருகிறோம்.

கேள்வி: தரம் 10 மாணவருக்கு வரலாறு படிப்பிக்கிறேன். வகுப்பில் சைவ, முஸ்லிம், கத்தோலிக்க, மெதடிஸ்த பிள்ளைகள் இருக்கிறார்கள். இம்மூன்று மதங்களைப் பற்றிப் பேச நேரும்போது நிறுவியவர், நூல், வழிபாட்டிடம், பண்டிகை என்று ஓர் அட்டவணை போட்டு முடித்துவிடுகிறேன். அது போதாது என்பது எனக்கே தெரிகிறது. நான் சைவப் பெண் என்பதால் ஏதும் தவறாகச் சொல்லிவிடுவேனோ என்ற பயமும் உண்டு. எங்கிருந்து தொடங்கலாம்?
— ஆசிரியை, திருகோணமலை நகர்

பதில்: அட்டவணையில் நீங்கள் எழுதும் செய்திகள் பிழையாக இருக்கமாட்டா. ஆனால் ஒரு மதத்துக்கு ஒரு நிரல் என்று கோடு போட்டவுடனேயே, அம்மதத்தவர் எல்லோரும் ஒரே மாதிரி நம்புகிறார்கள், ஒரே மாதிரி வழிபடுகிறார்கள் என்ற எண்ணத்தைப் பிள்ளையின் மனத்தில் நாமே பதித்துவிடுகிறோம். நம் ஊரைப் பற்றி எழுத வந்த வெளிநாட்டவர் ஒருவர், இந்துக்கள் எல்லோரும் கோணேசர் கோயிலில் நடப்பது போல ஆகம முறைப்படியே வழிபடுவர் என்று எழுதிவிட்டுப் போனால், வைகாசியில் கண்ணகி அம்மனுக்குக் குளிர்த்தி செய்யும் கிராமத்தவர் அதை வாசித்து என்ன சொல்வார்கள் என்று நினைத்துப் பாருங்கள். உங்கள் அட்டவணையைப் பார்க்கும் யூதருக்கோ கத்தோலிக்கருக்கோ ஏற்படுவதும் அதே திகைப்புத்தான்.

ஆகவே மதங்களுக்கு இடையிலான வேறுபாட்டைப் பின்னுக்கு வைத்துவிட்டு, ஒரே நூற்பகுதியை வெவ்வேறு மரபினர் எவ்வாறு வாசிக்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள் என்பேன். அதற்குப் பத்துக் கட்டளைகளைவிட வாய்ப்பான பகுதி எனக்குத் தெரியவில்லை. கத்தோலிக்கர் ஓதும் வரிசையையும் மெதடிஸ்தர் ஓதும் வரிசையையும் பலகையில் பக்கத்தில் பக்கமாக எழுதுங்கள். கொலை செய்யாதே என்பது கத்தோலிக்க வரிசையில் 5ஆம் கட்டளையாகவும் மெதடிஸ்த வரிசையில் 6ஆம் கட்டளையாகவும் நிற்பதை வகுப்பு தானாகவே கண்டுபிடிக்கும். எது பிழை என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பயிற்சி. கட்டளைகள் பத்து என்று நூல் சொல்கிறதே தவிர, எது முதலாவது, எது இரண்டாவது என்று எண்ணிட்டுக் காட்டவில்லை. வேறு தெய்வங்களை வணங்காமையையும் சிலை செய்யாமையையும் கத்தோலிக்கரும் லூத்தரன் சபையினரும் ஒரே கட்டளையாகக் கொண்டு, பிறர்க்குரியதை இச்சிக்காமையை இறுதியில் இரண்டாகப் பிரிக்கிறார்கள். மெதடிஸ்தரும் அங்கிலிக்கரும் கிழக்கு ஓர்த்தடொக்ஸ் திருச்சபையினரும் முதலிரண்டையும் தனித்தனியாக எண்ணி, இச்சியாமையை ஒன்றாக்குகிறார்கள். யூதர்களோ, எகிப்திலிருந்து உங்களை மீட்ட இறைவன் நானே என்ற வாக்கியத்தையே முதலாவதாகக் கொள்கிறார்கள். கட்டளை போலத் தோன்றாத அதுவே அவர்களுக்கு மற்ற எல்லாவற்றுக்கும் அடிப்படை. குர்ஆனில் 17ஆம் அத்தியாயத்தின் 23 முதல் 39 வரையான வசனங்களில் இறைவனையன்றி எவரையும் வணங்காமை, பெற்றோரைப் பேணல், கொலையும் விபசாரமும் விலக்கல் எனப் பெரும்பாலும் இதே நெறிகள் வருகின்றன. ஆனால் அங்கே பத்து என்ற எண்ணிக்கை இல்லை. ஒரு பாடவேளைக்குள் மூன்று மதங்களும் அவற்றின் உட்பிரிவுகளும் பலகைக்கு வந்துவிடும். எவரையும் உயர்த்தவோ தாழ்த்தவோ உங்களுக்குத் தேவை ஏற்படாது.

பயத்தைப் பற்றிக் கேட்டீர்கள். வாக்கியத்தின் எழுவாயில் கவனமாக இருங்கள். பயத்தில் பாதி போய்விடும். யூதர் இதை உண்ணமாட்டார்கள், முஸ்லிம்கள் இதை ஏற்கமாட்டார்கள் என்று மொத்தமாகச் சொல்லாமல், எந்த மரபினர், எந்த நாட்டினர், எந்தக் காலத்தவர் என்று சேர்த்துச் சொல்லுங்கள். இது அவர்களுடைய நம்பிக்கை என்று எடுத்துரைப்பது உங்கள் வேலை. அது மெய்யா பொய்யா என்று தீர்ப்பளிப்பது உங்கள் வேலையன்று. மூன்றுக்கும் வெளியே நிற்பவர் என்பதால் இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு வசதிகூட இருக்கிறது.

கேள்வி: என் மகனின் வகுப்பில் சுன்னி, ஷீயா பிரிவுகளைப் பற்றிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் ஊரிலேயே தௌஹீத் (சூஃபி வழக்கங்களை ஏற்காதோர்) என்றும் தரீக்கா (சூஃபி வழியினர்) என்றும் பிரிந்து நிற்கிறோம். பிள்ளைகளிடம் வேற்றுமைகளைச் சொல்லாமல் ஒற்றுமையை மட்டும் சொன்னால் என்ன குறை?
— ஒரு தந்தை, கிண்ணியா

பதில்: உங்கள் கவலை நியாயமானது. ஒரே இறைவன், ஒரே இறுதித் தூதர், ஒரே குர்ஆன், ஒரே கிப்லா (தொழும் திசை) என்பவற்றை முதலில் சொல்லாமல் பிரிவுகளில் இறங்கும் ஆசிரியர் தவறு செய்கிறார். ஆனால் உங்கள் மகனுக்கு வேற்றுமை புதிய செய்தியாக இருக்கமுடியாது. ரமழானில் ஒரு பள்ளிவாசலில் தராவீஹ் எனும் இரவுத் தொழுகையை 20 ரக்அத்தும் (தொழுகைச் சுற்று) இன்னொன்றில் 8 ரக்அத்தும் தொழுவதையும், ஒரு வீட்டில் மௌலித் எனும் நபி புகழ்ப்பாடல் ஓதுவதையும் அடுத்த வீட்டில் அதை மறுப்பதையும், உள்நாட்டுப் பிறையா சர்வதேசப் பிறையா என்ற விவாதத்தில் பெருநாளே இரு தினங்களாகிப் போவதையும் அவர் கண்ணால் கண்டிருப்பார். வகுப்பறையில் நிதானமாகக் கேட்காத விளக்கத்தை அவர் தெருவில் வசைமொழியோடு கேட்பார். இவ்விரண்டில் எது நல்லது என்பதில் எனக்கு ஐயம் இல்லை.

இந்நாட்டு முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் (சட்ட மரபின்) வரலாறே இதற்கு நல்ல பாடம். 820இல் எகிப்தில் காலமான இமாம் ஷாபிஈ, இமாம் மாலிக்கிடம் கற்றவர். ஆசிரியரைப் பெரிதும் மதித்தவர். ஆயினும் பல சட்டங்களில் அவரிடமிருந்து வேறுபட்டவர். அதோடு நிற்கவில்லை. ஈராக்கில் இருந்தபோது தாம் கூறிய கருத்துகள் பலவற்றை எகிப்துக்குச் சென்ற பின் தாமே மாற்றிக்கொண்டார்; அவற்றைப் பழைய கருத்து, புதிய கருத்து என்று ஷாபிஈ அறிஞர்கள் இன்றும் பிரித்தே கற்கிறார்கள். ஹனபி, மாலிகி, ஷாபிஈ, ஹன்பலி ஆகிய நான்கு மத்ஹபுகளும் ஒன்றையொன்று சுன்னி வழிகளாகவே ஏற்றுக்கொள்கின்றன என்பதையும் மாணவர் அறியவேண்டும்.

ஷீயாக்களைப் பொறுத்தவரை, நபிகளாருக்குப் பின் சமூகத்தின் தலைமை யாருக்கு உரியது என்ற கேள்வியிலிருந்து பிரிவு தொடங்குவதையும், 680இல் கர்பலாவில் இமாம் ஹுசைன் கொல்லப்பட்ட நிகழ்வு அவர்களுடைய வழிபாட்டின் மையமாக இருப்பதையும் சொல்லலாம். அதே முஹர்ரம் 10ஆம் நாளில் சுன்னிகள் பலர் மூஸா நபியை நினைந்து நோன்பு நோற்பதையும் சேர்த்துச் சொன்னால், ஒரு நாளுக்கு இரு நினைவுகள் இருப்பது புரியும். ஷீயாக்களும் ஒரே தொகுதியல்லர்: ஈரானில் பன்னிரு இமாம்களை ஏற்போர், யெமனில் ஸைதிகள், இவர்களோடு இஸ்மாயிலிகள். கொழும்பில் தலைமுறைகளாக வாழும் போரா வணிகக் குடும்பங்கள் இஸ்மாயிலி மரபைச் சேர்ந்தவை. ஓமானில் வேரூன்றிய இபாதிகளோ சுன்னியும் அல்லர், ஷீயாவும் அல்லர். அங்கே வேலைக்குப் போய் வந்தவர்கள் பலர் இதை அறியாமலே திரும்பியிருப்பார்கள்.

பிறை விவாதத்தைச் சொன்னேன். மாதந்தோறும் முழுநிலவு நாளில் போயா விடுமுறை எடுக்கும் நம் பிள்ளைகளுக்கு நிலவைக் கொண்டு மூன்று மதங்களையும் ஒன்றாகப் படிப்பிக்கலாம் என்று ஆசிரியர்களுக்கும் சொல்லிவைக்கிறேன். வசந்தகாலத்தின் முழுநிலவை அடுத்த ஞாயிறே உயிர்த்த ஞாயிறு என்பதில் கிறிஸ்தவர் ஒன்றுபடுகிறார்கள்; ஆனால் கிழக்கு ஓர்த்தடொக்ஸ் திருச்சபைகள் அதைப் பழைய ஜூலியன் நாட்காட்டி கொண்டு கணிப்பதால் பல ஆண்டுகளில் நாள் மாறிப்போகும்; 2025இல் இரு தரப்புக்கும் ஏப்ரல் 20ஆம் திகதியாக ஒத்துவந்தது. எகிப்திலிருந்து மீண்டதை நினைவுகூரும் யூதர்களின் பாஸ்கா விழா இஸ்ரேலுக்குள் 7 நாட்கள். வெளிநாடுகளில் மரபுவழி யூதருக்கு 8 நாட்கள். பிறை கண்ட செய்தி எருசலேமிலிருந்து தூர தேசங்களுக்குத் தூதுவர் மூலம் சென்று சேரத் தாமதமான காலத்தில், ஐயத்துக்காகச் சேர்த்த நாள் அது. பிறைக் குழப்பம் கிண்ணியாவுக்கு மட்டும் உரியதன்று என்று உங்கள் மகனுக்கு நீங்களே சொல்லலாம்.

கேள்வி: பாடசாலையில் கத்தோலிக்கம் ஒரு பாடம், கிறிஸ்தவம் இன்னொரு பாடம். அப்படியானால் கத்தோலிக்கர் கிறிஸ்தவர் இல்லையா?
— தரம் 11 மாணவி, உவர்மலை

பதில்: கத்தோலிக்கரும் கிறிஸ்தவரே, தங்கையே, உலகக் கிறிஸ்தவருள் ஏறத்தாழ பாதிப்பேர் அவர்கள்தான். நம் நாட்டில் பௌத்தம், சைவநெறி, இஸ்லாம், கத்தோலிக்கம், கிறிஸ்தவம் என்று சமயம் தனித்தனிப் பாடங்களாக வகுக்கப்பட்டபோது, கத்தோலிக்கர் அல்லாத சபைகளின் பாடத்துக்குக் கிறிஸ்தவம் என்ற பொதுப்பெயர் நின்றுவிட்டது. அந்த ஒரு பாடத்துக்குள் அங்கிலிக்கர், மெதடிஸ்தர் எனத் தம்முள் வேறுபட்டவர்கள் அடங்குகிறார்கள். இவ்விரு பாடங்களுக்கும் வெளியே எகிப்தின் கொப்திக் திருச்சபை, ஆர்மேனிய, எத்தியோப்பியத் திருச்சபைகள் என்று 451இல் நடந்த கல்செதோன் சங்கம் என்ற ஆயர் பேரவையின் முடிவை ஏற்காது பிரிந்த பழைய மரபுகளும், உரோமையிலிருந்து 1054இல் பிரிந்ததாகக் குறிக்கப்படும் கிழக்கு மரபும் உள்ளன. வேதாகமத்தில் அடங்கும் நூல்களின் தொகைகூடக் கத்தோலிக்கருக்கு 73, புரட்டஸ்தாந்தினருக்கு 66, எத்தியோப்பியருக்கு 81.

இந்த வேற்றுமை நம் வரலாற்றுப் பாடத்திலேயே மறைந்திருக்கிறது. ஆனால் அதை எவரும் சுட்டிக்காட்டுவதில்லை. கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கற்களால் கோட்டை கட்டிய போர்த்துக்கேயர் கத்தோலிக்கர். 1639இல் அவர்களிடமிருந்து அக்கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தர், 1517இல் லூத்தர் தொடக்கிவைத்த சீர்திருத்தத்தின் வழிவந்த கல்வினிய சபையினர். ஒல்லாந்தர் ஆட்சியில் இந்நாட்டில் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. குருமாரை வீட்டில் வைத்திருப்பதே குற்றமாயிற்று. 1687இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்த ஜோசப் வாஸ் அடிகள் ஒளிந்து ஒளிந்தே பணிசெய்தார்; கிறிஸ்தவர்களான ஒல்லாந்தர் மறுத்த சுதந்திரத்தைப் பௌத்தரான கண்டி மன்னரே அவருக்குக் கொடுத்தார். 2015 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்தார். ஐரோப்பியர் எல்லோரும் ஒரே கிறிஸ்தவத்தைக் கொண்டுவந்தார்கள் என்று விடைத்தாளில் எழுதிவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் மாணவர்களில் எவரும் ஒரு யூதரைக் கண்டதில்லை. யூதர் என்றவுடன் காஸாவைப் பற்றிக் கோபத்தோடு பேசத் தொடங்குகிறார்கள். இந்த மதத்தை எப்படிப் படிப்பிப்பது?
— ஆசிரியர், மூதூர்

பதில்: அந்தக் கோபத்தை அடக்காதீர்கள், பிள்ளைகள் இறப்பதைக் கண்டு நம் பிள்ளைகள் கலங்குவது இயல்பு. ஆனால் ஓர் அரசின் செயலும் ஒரு மதமும் வெவ்வேறு பாடங்கள் என்பதை முதலில் உறுதியாகச் சொல்லிவிடுங்கள். உலகில் சுமார் ஒன்றரைக் கோடி யூதர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் இஸ்ரேலுக்கு வெளியே வாழ்கிறார்கள். மெசியா (எதிர்பார்க்கப்படும் மீட்பர்) வருமுன் யூத அரசு அமைப்பதே இறைவனுக்கு எதிரானது என்று மதக் காரணம் காட்டி அந்த அரசை ஏற்காத கடும் மரபுவழி யூதக் குழுக்களும் உண்டு. இந்த ஒரு செய்தியே மாணவரைச் சிந்திக்க வைக்கும்.

பிறகு சோற்றிலிருந்து தொடங்கலாம். பாஸ்கா விழாவில் புளித்த மாவை எந்த யூத மரபும் அனுமதிப்பதில்லை. ஆனால் ஜெர்மனி, போலந்துப் பக்கத்து அஷ்கெனாசி யூதர்கள் அரிசியையும் பருப்பு வகைகளையும்கூட அந்நாட்களில் தவிர்த்துவந்தார்கள். ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டுச் சிதறிய செபராதிகளில் பெரும்பாலோர் சோறு உண்கிறார்கள். 2015இல் அமெரிக்காவில் மரபுவழிக்கும் சீர்திருத்தத்துக்கும் இடைப்பட்ட கொன்சர்வேட்டிவ் யூதரின் சட்டக்குழு, அஷ்கெனாசிகளும் அரிசி உண்ணலாம் என்று தீர்ப்பளித்தது. வேதநூலான தோரா ஒன்றுதான், அதற்கு விளக்கம் கூறும் தல்மூத்தும் இவர்களுக்குப் பொதுவானதுதான், மாறுபட்டது வழக்கம். தல்மூத்தையே ஏற்காத கரைட்டுகள் என்ற சிறு பிரிவும் இருக்கிறது. ஓய்வுநாளில் வாகனம் ஓட்டுவது மரபுவழியினருக்கு விலக்கு. சீர்திருத்த யூதர் பலர் அதைத் தடையாகக் கருதுவதில்லை. பெண்கள் ரபி (யூத மதகுரு) ஆவது இன்னும் பெரும்பாலான மரபுவழிச் சபைகளுக்கு உடன்பாடில்லை. ஆனால் ஜெர்மனியில் ரெஜினா ஜோனாஸ் 1935இலேயே ரபியாகிவிட்டார். அவரை நாஜிகள் 1944இல் அவுஷ்விட்ஸ் முகாமில் கொன்றார்கள்.

தொலைதூரச் செய்தியாகத் தோன்றினால் கொச்சிக்கு வாருங்கள். மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய பரதேசி யூதத் தொழுகைக்கூடம் இன்றும் நிற்கிறது. கொச்சி யூதப் பெண்கள் மலையாளத்திலேயே பக்திப் பாடல்கள் பாடினார்கள். அதே கூடத்தில், விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்த யூதர்களுக்குச் சம இருக்கை மறுக்கப்பட்டதையும், அவர்களில் ஒருவரான வழக்கறிஞர் ஆபிரகாம் பராக் சேலம் சத்தியாக்கிரகம் செய்து அதை எதிர்த்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள். கோயில் நுழைவுக்குப் போராடிய வரலாறுடைய தமிழ் மாணவருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. நம் தீவைப் பற்றியும் ஒரு குறிப்பு உண்டு. 1154இல் தம் நூலை முடித்த புவியியலாளர் அல் இத்ரீசி, செரண்டீப் மன்னருக்கு 16 அமைச்சர்கள் என்றும், அவர்களில் நால்வர் மன்னரின் மதத்தவர், நால்வர் கிறிஸ்தவர், நால்வர் முஸ்லிம்கள், நால்வர் யூதர் என்றும் எழுதியிருக்கிறார். அவர் இங்கு வந்து பார்த்து எழுதியவர் அல்லர், கேட்டதை எழுதினார். இதைச் சான்றாகக் கொள்வதா, பயணிகளின் கதையாகக் கொள்வதா என்று மாணவரையே விவாதிக்கச் சொல்லலாம்.

கேள்வி: பள்ளிவாசலுக்கும் தேவாலயத்துக்கும் மாணவரை அழைத்துச் செல்ல நினைக்கிறோம். மதமாற்றம் என்று பெற்றோர் எதிர்ப்பார்களோ?
— அதிபர், நிலாவெளி

பதில்: சிலர் எதிர்க்கக்கூடும், அவர்களோடு முன்கூட்டியே பேசுங்கள். அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை ஒவ்வொருவருக்கும் சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரத்தை உறுதிப்படுத்துகிறது. எனவே பார்க்க மட்டும் செல்கிறோம், எந்தச் சடங்கிலும் மாணவர் பங்குகொள்ளமாட்டார்கள், விரும்பாத பிள்ளை பாடசாலையிலேயே இருக்கலாம் என்று கடிதத்தில் எழுதி, பெற்றோரின் கையொப்பம் பெற்றுக்கொள்ளுங்கள். வழிபாட்டு நேரத்தைத் தவிருங்கள். ஒரே மதத்தின் இரு இடங்களைப் பார்ப்பது, இரு மதங்களின் ஓரிடத்தைப் பார்ப்பதைவிடப் பயன் தரும்: காலையில் மாதா சொரூபங்கள் நிறைந்த கத்தோலிக்கப் பேராலயத்தையும் அடுத்து வெறுஞ்சுவரில் சிலுவை மட்டும் இருக்கும் மெதடிஸ்த ஆலயத்தையும் காட்டினால், ஏன் இப்படி என்று பிள்ளைகளே கேட்பார்கள். பதிலை அங்குள்ள குருவும் போதகரும் சொல்லட்டும். வகுப்பில் இருக்கும் ஒரே கத்தோலிக்கப் பிள்ளையையோ ஒரே முஸ்லிம் பிள்ளையையோ எழுப்பி, உங்கள் மதத்தில் இது ஏன் என்று கேட்கும் வழக்கத்தை மட்டும் உங்கள் ஆசிரியர்களிடம் நிறுத்தச் சொல்லுங்கள்.