வெளிநாட்டு இதய அறுவைக் குழுக்கள் வந்துபோவதால் ஏழை நாடுகளுக்கு நிலையான பயன் உண்டா?

உண்டு. ஆனால் குழு விமானம் ஏறிய பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் விஷயம். ருமாட்டிக் காய்ச்சலால் (தொண்டைத் தொற்றைத் தொடர்ந்து வந்து இதயத்தைத் தாக்கும் நோய்) இதய வால்வு கெட்டுப்போன இளம்பெண்ணுக்குச் செயற்கை இயந்திர வால்வு பொருத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அறுவை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அப்புறம் ஆயுள் முழுக்க ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனை அடிக்கடி. மருந்து குறைந்தால் வால்வில் ரத்தம் உறையலாம், கூடினால் ரத்தக்கசிவு. கர்ப்பமானால் சிக்கல் இரட்டிப்பு: வார்ஃபரின் கருவையும் பாதிக்கக்கூடியது. பரிசோதனைக்கூடமே இல்லாத ஊரில் இதெல்லாம் எப்படி? முடிந்தவரை சொந்த வால்வையே சரிசெய்வது மேல் என்பேன்.

அதனால்தான் எனக்கு நிரந்தர மையங்கள்மேல் நம்பிக்கை. இத்தாலியின் எமர்ஜென்சி என்ற மருத்துவத் தொண்டு அமைப்பு 2007இல் சூடானின் கார்ட்டூம் அருகே திறந்த சலாம் மையம் இலவசமாக அறுவை செய்தது, உள்ளூர்ப் பணியாளர்களுக்கும் பயிற்சி தந்தது. இதே மார்புப் பகுதியில் செய்யும் நுரையீரல் அறுவைகளுக்கோ, அறுவையின்போது இதயம், நுரையீரல் வேலையைச் செய்யும் இதய-நுரையீரல் இயந்திரம் பெரும்பாலும் தேவையில்லை. அதனால் அந்தத் துறையில் உள்ளூர்க்காரர்களுக்குத் தரும் பயிற்சி சீக்கிரம் பலன் தரும்.