ஒன்பது கணினி, ஒன்பது நேரம்: ஜிபிஎஸ் கடிகாரம் வாங்க வேண்டுமா?

கேள்வி: அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ரப்பர் உதிரிபாகங்களைச் சோதித்து அறிக்கை தரும் சிறு ஆய்வகம் நடத்துகிறேன். வாடிக்கையாளர் நிபந்தனைப்படி எங்கள் ஒன்பது விண்டோஸ் கணினிகளுக்கும் இணையம் கிடையாது. தங்களுக்குள் மட்டும் இணைந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு நேரம் காட்டுகிறது. சென்ற தணிக்கையில், சோதனை முடிவதற்கு நான்கு நிமிடம் முன்பே அறிக்கை அச்சானதாக ஒரு தாளில் இருந்தது, தலைகுனிவாகிவிட்டது. ஒரு கணினியிலிருந்து மற்றவை நேரம் எடுக்கும்படி அமைத்தும் பார்த்தோம். ஒத்திசைவு தோல்வி என்றே வருகிறது. ஜிபிஎஸ் நேர சர்வர் வாங்கினால்தான் தீரும் என்று விற்பனையாளர் இரண்டரை லட்சத்துக்கு விலைப்புள்ளி கொடுத்திருக்கிறார். வாங்கலாமா?
- வாசகர், அம்பத்தூர்

பதில்: செயற்கைக்கோளிடமிருந்து நேரம் பெற்றுக் கணினிகளுக்குத் தரும் அந்தக் கருவியை இப்போது வாங்காதீர்கள். உங்களுக்கு முதலில் வேண்டியது ஒன்பது கணினிக்கும் பொதுவான ஒரே நேரம். அதற்கு இவ்வளவு செலவு ஆகாது. 1906-இல் இந்தியத் திட்ட நேரம் வருவதற்கு முன், பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் சொந்த நேரங்கள் இருந்தபோதும், ரயில்கள் மெட்ராஸ் நேரப்படிதான் ஓடின. நுங்கம்பாக்கத்து வானாய்வகம் கணித்த நேரம் அது. கிரீன்விச்சுக்கு ஏறத்தாழ 5 மணி 21 நிமிடம் முன்னால். பம்பாயின் சூரியனுக்கு அது பொருந்தவில்லை. ஆனால் எல்லா நிலையங்களும் அதையே பார்த்ததால் ரயில்கள் ஒழுங்காக ஓடின.

ஒன்பது திரைகளையும் ஒரே சமயத்தில் பார்த்து, வித்தியாசங்களைத் தாளில் எழுதுங்கள். பாதி நோய் அங்கேயே தெரிந்துவிடும். ஐந்தரை மணி, பன்னிரண்டரை மணி என்று அரை மணிக் கணக்கில் விலகியிருந்தால், நேர மண்டலம் தவறாக அமைந்திருக்கிறது. ஒத்திசைவில் போய்ச் சேருவது உலகப் பொது நேரம் மட்டுமே. மண்டலத்தை அந்தந்தக் கணினியில் கையால்தான் திருத்த வேண்டும். இரவில் மெயினை அணைத்துவிட்டுக் காலையில் வரும்போது தேதி பல ஆண்டு பின்னால் போயிருந்தால், மதர்போர்டில் உள்ள நாணய பேட்டரி தீர்ந்துவிட்டது. பெரும்பாலும் அது சிஆர்2032, 3 வோல்ட். ரிச்சி தெருவில் நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். பழைய கணினிகள் என்றால் எல்லாவற்றிலும் மாற்றிவிடுங்கள்.

மிச்சம் இருப்பது மெதுவான விலகல். கணினிக் கடிகாரத்தின் குவார்ட்ஸ் படிகத்தில் பத்து லட்சத்துக்கு 20 பங்கு பிழை இருப்பது சாதாரணம். அதுவே நாளுக்கு 1.7 நொடி. யாரும் தொடாமல் ஐந்து மாதம் விட்டால் நான்கு நிமிடத்தைத் தாண்டிவிடும். அறை வெப்பம் 25 டிகிரியை விட்டு விலக விலக அந்தப் படிகம் மெதுவாகும். கத்திரி வெயிலில் ஏசி இல்லாத அறையில் இருக்கும் கணினி பின்தங்குவது இதனால்தான். உங்கள் தணிக்கைத் தாளின் நான்கு நிமிடமும் இப்படிச் சேர்ந்ததாகவே இருக்கக்கூடும்.

இனி, நீங்கள் அமைத்தும் வேலை செய்யாத இடத்துக்கு வருவோம். விண்டோஸ் கணினி வெளியே எங்கிருந்தும் நேரம் பெறாதபோது, தன்னைக் கேட்கும் கணினிகளுக்கு ‘என் நேரம் ஒத்திசைக்கப்படாதது’ என்ற குறியோடுதான் பதில் அனுப்பும். கேட்ட கணினி அதை நம்பாமல் ஒதுக்கிவிடும். நீங்கள் தலைமையாக வைத்த கணினி முறையாகப் பதில் சொல்லியும் எட்டுக் கணினிகள் மறுத்திருப்பது அநேகமாக இதனால்தான். அந்தக் கணினியின் ரெஜிஸ்ட்ரியில், அதாவது விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் இடத்தில், விண்டோஸ் டைம் சேவையின் கீழ் ‘அனவுன்ஸ் ஃபிளாக்ஸ்’ மதிப்பை 5 ஆக்கி, மற்ற கணினிகளுக்கு நேரம் வழங்கும் என்டிபி சர்வர் பகுதியை இயக்க வேண்டும். சேவை தானாகத் தொடங்கும்படி இருக்கட்டும். ஃபயர்வாலில், நேரக் கேள்விகள் வந்து சேரும் யுடிபி 123-ஆம் போர்ட்டை உள்வரும் திசையில் திறக்க வேண்டும். பலர் மறப்பது இதைத்தான். மற்ற எட்டிலும் இந்தக் கணினியின் ஐபி முகவரியைக் கொடுத்தால் போதும். கணினி பராமரிப்பவருக்கு இது ஒரு பொழுது வேலை.

இவ்வளவுக்குப் பிறகும் ஒன்றிரண்டு முரண்டு பிடிக்கலாம். தனித்து இயங்கும் விண்டோஸ், வழக்கமான அமைப்பில், 54,000 நொடிக்கு மேல், அதாவது 15 மணி நேரத்துக்கு மேல் விலகல் இருந்தால் திருத்த மறுத்துவிடும். பேட்டரி தீர்ந்த கணினி தினமும் தோற்றுப்போவதன் ரகசியம் இது. பேட்டரியை மாற்றி, தேதியைக் கையால் ஒருமுறை சரிசெய்த பின் ஒத்திசையுங்கள். அந்த எட்டில் ஒன்றின் விண்டோஸ் டைம் நிலை அறிக்கையில் நேர மூலம் ‘லோக்கல் சிமாஸ் கிளாக்’ (கணினியின் சொந்தக் கடிகாரம்) என்றே இருந்தால், அந்தக் கணினி இன்னும் எங்கிருந்தும் நேரம் பெறவில்லை என்று பொருள்.

தலைமைக் கணினியைத் திங்கள்தோறும், வேலை தொடங்கும் முன், கைப்பேசி நேரத்தைப் பார்த்துத் திருத்துங்கள். நடுவேலையில் திருத்தினால் பதிவுகள் முன்பின்னாகும். சிசிடிவி ரெக்கார்டருக்கும் அதே முகவரியைக் கொடுத்துவிடுங்கள்.

வெளி நிறுவனங்களின் பதிவுகளோடு நொடி பிசகாமல் பொருந்த வேண்டும் என்று ஒப்பந்தம் கேட்டால் மட்டும் ஜிபிஎஸ் பக்கம் போகலாம். அது செயற்கைக்கோளிடமிருந்து கேட்பதோடு சரி, வெளியே எதையும் அனுப்பாது. ஆகவே இணையத் தடை நிபந்தனைக்கு முரணில்லை என்று வாடிக்கையாளரிடம் விளக்கலாம். ஆனால் ஆன்டெனாவுக்குத் திறந்த வானம் தேவை. மொட்டை மாடி வரை கேபிள் இழுக்க வேண்டும்.

வாங்குவதானால் ஒன்றைக் கவனத்தில் வையுங்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்குபவரை நுகர்வோராகக் கொள்வதில்லை. சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே வாங்கியவருக்கு விலக்கு உண்டு; ஆள் வைத்து நடத்தும் ஆய்வகத்துக்கு அது கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது. உங்களுக்குக் காப்பு விலைப்புள்ளியில் எழுதியிருப்பதுதான். ஆன்டெனா பொருத்தும் செலவு, கேபிள் நீளம், உத்தரவாதக் காலம், ஒன்பது கணினியும் ஒரு வாரம் ஒரே நேரம் காட்டிய பிறகே மீதிப் பணம் என்ற நிபந்தனை, இவை அதில் எழுத்தில் வரும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.