ஓர் ஆசிரியரின் சொந்த வாசிப்பு ஆர்வம் மாணவர்களையும் வாசிக்க வைக்குமா? உங்கள் அனுபவம் என்ன?

வைக்கும். ஆனால் "பிள்ளைகளே, வாசியுங்கள்" என்று மேடையில் சொல்கிறவரால் அல்ல, தன்பாட்டில் தனக்காக வாசிக்கிறவரால். அதுவும் வகுப்பு முழுவதையும் அல்ல, ஒரு சிலரை. அந்தச் சிலரில் ஒருத்தியாக இருந்தவள் நான். இப்போது இலங்கையின் மட்டக்களப்பில், களுவாஞ்சிகுடிப் பக்கம் தமிழ் படிப்பிக்கிறேன்.

நான் படித்த பள்ளிக்கூடம் படுவான்கரையில், அதாவது வாவியின் மேற்குக் கரையில், மண்டூருக்குக் கிட்ட. ஆசிரியர்கள் பலர் கிழக்குக் கரையான எழுவான்கரையிலிருந்து வருவார்கள். குருமண்வெளித் துறையில் மோட்டார் சைக்கிளைப் பாதையில் (ஆளையும் வண்டியையும் ஏற்றும் மிதவைப் படகை இங்கே பாதை என்போம்) ஏற்றி வாவியைக் கடந்துதான் இந்தப் பக்கம் இறங்க வேண்டும். பள்ளி விட்டு நாங்கள் டியூஷனுக்கு அக்கரை போகும் நாட்களில் அவர்களும் நாங்களும் ஒரே பாதையில் நிற்போம். மற்ற ஆசிரியர்கள் சம்பளம், இடமாற்றம் என்று கதைத்துக்கொண்டிருக்க, எங்கள் கணித சேர் மட்டும் மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி கதைப் புத்தகம் வாசிப்பார். அட்டைக்கு மேல் பழைய கலண்டர்த் தாளால் உறை போட்டிருப்பார். அதனால் என்ன புத்தகம் என்று தெரியாது. அதைக் கண்டுபிடிக்க நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே!

யாராவது ஆசிரியர் வராத நாளில் எங்கள் வகுப்பைப் பார்க்க அவரை அனுப்புவார்கள். சத்தம் போடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை எடுப்பார். ஒருநாள் தனியாகச் சிரிக்கத் தொடங்கிவிட்டார். என்ன சேர் என்று கேட்டோம். அதுவரை நடந்த கதையைச் சொன்னார், வேலைக்காரன் கழுதையைப் பறிகொடுத்துவிட்டு வந்து நிற்கும் இடம் வரைக்கும். பிறகு? "மிச்சத்த நான் இன்னும் வாசிக்கல்ல புள்ள." கெஞ்சிப் பார்த்தோம். அவருக்கே தெரியாதபோது என்ன செய்வது? அடுத்த கிழமை அந்தப் புத்தகத்தைக் கேட்டு வரிசையில் நின்றோம். சி.ஆர். கொப்பி என்கிற தடித்த அட்டைக் குறிப்பேட்டில் எங்கள் பெயரை எழுதிக்கொண்டு இரவல் தந்தார்.

திருப்பிக் கொடுக்கும்போது "என்ன படிப்பினை?" என்று கேட்கவே மாட்டார். "எந்த இடத்தில அலுத்துப் போச்சு?" என்பார். அலுத்தது என்று ஆசிரியரிடமே சொல்லலாம் என்பது எங்களுக்குப் புதுச் செய்தி. நாங்கள் பார்த்த மற்றப் புத்தகமெல்லாம் 1980 முதல் அரசாங்கம் இலவசமாகத் தரும் பாடநூல்தான். அதை யாரும் அலுத்தது என்று மூடி வைக்க முடியாதே.

ஆனால் என்னைப் பிடித்து இழுத்தது கதைப் புத்தகம் அல்ல, விகிதப் பாடம். சேர் அன்று ஒரு பலகையில் இரண்டு ஆணி அடித்து, இடையில் 60 செ.மீ. நீளத்துக்குத் தங்கூசியை, அதுதான் தூண்டில் போடும் நைலோன் நூலை, இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தார். தட்டினால் ஒரு சுரம். அடியில் பென்சிலைச் செருகி 30 செ.மீ. துண்டைத் தட்டினால் அதே சுரம் மேல் ஸ்தாயியில். 40 செ.மீ. துண்டைத் தட்டினால் வேறொன்று, ஆனால் முதல் சுரத்தோடு ஒட்டி நிற்கும். மூன்றுக்கு இரண்டு. "இதுதான் இளி. இப்ப பஞ்சமம் எண்டுவாங்க" என்றார். முதல் நாள் இரவு, பழந்தமிழ் இசையை ஆராயும் விபுலானந்த அடிகளின் யாழ் நூலை விரித்து வைத்திருந்திருக்கிறார். பொறுக்க முடியாமல் காலையில் அதை வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். சோதனைக்கு அது வராது என்பது எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அடிகளாரைப் பற்றி அன்று சொன்னதும் நினைவில் நிற்கிறது. காரைதீவில் 1892-இல் பிறந்தவர். 1916-இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர், 1920-இல் லண்டன் விஞ்ஞானப் பட்டதாரி. வகுப்பில் விஞ்ஞானம் படிப்பித்தவர், வாசித்தது சிலப்பதிகாரம். அதில் வரும் இசைக் குறிப்புகளைக் கணக்குப் போட்டுப் பார்த்துப் பார்த்துத்தான் யாழ் நூல் வந்தது. 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேற்றம், அடுத்த மாதமே அவர் காலமானார். நாங்கள் ஆண்டுதோறும் அவர் படத்துக்கு மாலை போட்டவர்கள்தான். அவர் என்ன வாசித்தார், ஏன் வாசித்தார் என்று அதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

ஆகவே பாட ஆசிரியர் யார் என்பது பெரிய விஷயமில்லை. சொல்லப்போனால் தமிழ் ஆசிரியர் வாசித்தால் பிள்ளைகள் அது அவருடைய தொழில் என்று விட்டுவிடுவார்கள். கணக்கு வாத்தியார் கதை வாசித்தால்தான் திரும்பிப் பார்ப்பார்கள். இது என் சங்கடமும்கூட!

மறுபக்கமும் உண்டு. ஆசிரியப் பயிற்சியில் இருந்த அமெரிக்க மாணவர்களைப் பற்றி 2004-இல் வெளியான அப்பிள்கேற் என்ற ஆய்வாளர்கள் இருவரின் கட்டுரையில், பாதிப் பேருக்கு மேல் வாசிப்பில் பெரிய நாட்டம் இல்லாதவர்கள் என்று வந்தது. தன்னிடம் இல்லாததைத் தர முடியாது என்று பேதுரு சொன்ன விவிலியக் கதையை வைத்து அதற்குப் 'பேதுரு விளைவு' என்று பெயரும் வைத்தார்கள். நம்மூரில் சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்போம், அதேதான்.

ஒக்டோபர் வந்தால் நாடு முழுவதும் தேசிய வாசிப்பு மாதம். கட்டுரைப் போட்டி, பேச்சுப் போட்டி, சான்றிதழ். "வாசிப்பு மனிதனைப் பூரணமாக்கும்" என்று நூறு கொப்பிகளில் ஒரே வசனம். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் அந்த மாதத்திலும் நூலக அலுமாரி பூட்டித்தான் கிடந்தது. பொறுப்பாசிரியரைக் குறை சொல்லவும் முடியாது. வருட முடிவில் கணக்கெடுக்க வரும்போது ஒரு புத்தகம் குறைந்தாலும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஆசிரியர் தன் சொந்தப் புத்தகத்தை இரவல் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. நாலைந்து திரும்பி வராது, அவ்வளவுதான்.

நான் செய்வது சின்ன வேலை. மேசையில் என் பாட்டுக்கு ஒரு புத்தகம் கிடக்கும், அடையாளத் தாள் வெளியே தெரிய. இடைவேளையில் வாசிப்பேன், கேட்டால் சொல்வேன், கேட்காவிட்டால் விட்டுவிடுவேன். பிடிக்காமல் பாதியில் போட்ட புத்தகத்தையும் காட்டுவேன். எனக்குப் பிடித்ததையே அவர்களும் வாசிக்க வேண்டும் என்று நிற்பதில்லை. அப்படி நின்றால் அதுவும் இன்னொரு பாடத்திட்டம் ஆகிவிடும். இன்றைக்கு ஒன்பதாம் வகுப்பில் ஆறேழு பேர் இரவல் கேட்கிறார்கள். மற்றவர்களுக்குக் கிரிக்கெட்டும் போனும்தான். அதில் வருத்தமில்லை, எங்கள் வகுப்பிலும் அப்படித்தான் இருந்தது.

கேள்வி கேட்டவரும் ஆசிரியர் என்றால் ஒன்று மட்டும் சொல்கிறேன், போனில் வாசிக்காதீர்கள், குறைந்தது பிள்ளைகளுக்கு முன்னால். 2005-இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் ஈழத்துப் பழைய நூல்களும் சஞ்சிகைகளும் இலவசமாகக் கிடைக்கின்றன, வீட்டில் நானும் அதில்தான் கிடப்பேன். ஆனால் வகுப்பில் அதைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தால், நீங்கள் வாசிப்பது எதுவானாலும் பிள்ளைகளின் கண்ணுக்கு வட்ஸ்அப்தான்.