பைபாஸுக்கு முன் செலினியம், ஜிங்க் மாத்திரை கொடுக்கலாமா?

அப்பாவுக்கு அடுத்த மாதம் பைபாஸ், செலினியமும் ஜிங்க்கும் கொடுத்தால் சீக்கிரம் தேறுவாரா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. இதய ஆபரேஷனில் இதயம், நுரையீரல் வேலையைச் செய்யும் ஹார்ட் லங் மெஷினை (நாங்கள் பம்ப் என்போம்) ஓட்டும் பெர்ஃப்யூஷனிஸ்ட். என்னைக் கேட்டால், செலினியத்தை விடுங்கள், இரும்புச்சத்தைப் பாருங்கள்.

செலினியம் பேச்சு சும்மா கிளம்பவில்லை. நோயாளியைப் பம்பில் போட்டதும் ரத்தத்தில் செலினியம் அளவு இறங்குவது உண்மை. அப்படியானால் ஊசியில் ஏற்றிவிடலாமே என்று ஜெர்மனியிலும் கனடாவிலும் சுமார் 1,400 பேரிடம் சோதித்தார்கள். ஒரு நாள் தேவை 55 மைக்ரோகிராம்தான். இவர்கள் ஆபரேஷனுக்கு முன்பே 2,000 ஏற்றினார்கள், முடிந்ததும் இன்னொரு 2,000, பிறகு ஐசியூவில் தினம் 1,000. 2023இல் முடிவு வந்தது. இறப்பிலும் சரி, உறுப்புகள் தேறியதிலும் சரி, வித்தியாசமே இல்லை. அத்தனை ஏற்றியும் கிடைக்காதது கடை மாத்திரையில் கிடைக்குமா? ஜிங்க்கை அதிக டோஸில் நாள்கணக்காகப் போட்டால் தாமிரச்சத்து குறையும், அது வேறு வம்பு.

இரும்பு அப்படியல்ல, ரத்தத்தில் ஹீமோகுளோபின் உருவாக அது வேண்டும். நோயாளியை இணைக்கும் முன் மெஷின் டியூபில் ஒரு லிட்டருக்கு மேல் திரவம் நிரப்பி, ஒரு காற்றுக் குமிழிகூட நிற்காதபடி தட்டித் தட்டி வெளியேற்றுவோம். பம்ப் ஓடத் தொடங்கியதும் அவ்வளவும் ரத்தத்தோடு கலந்துவிடும். ஹீமோகுளோபின் 9 இருந்தவர் சில நிமிடத்தில் 7 பக்கம் வந்து நிற்பார். ரத்தப் பை பிரிக்க வேண்டியதுதான். (நம் ஊரில் நிறைய பைபாஸ் பம்ப் இல்லாமலே நடக்கிறது. அதிலும் ரத்தம் போகத்தான் செய்யும்.) ரத்தசோகை அல்லது இரும்புக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஆபரேஷனுக்கு முந்தைய நாள் இரும்பு ஊசியோடு எரித்ரோபொய்டின் (ரத்த அணு உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோன்), பி12, ஃபோலிக் ஆசிட் கொடுத்தபோது ரத்தம் ஏற்றும் தேவை குறைந்ததாக சூரிச் மருத்துவமனை ஆய்வு 2019இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது.

உங்களுக்கு ஒரு மாதம் இருக்கிறது, நல்ல அவகாசம். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் இரும்பு இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) இரண்டையும் இந்த வாரமே பார்த்துவிட்டு, மாத்திரையா ஊசியா என்று கார்டியாலஜிஸ்ட்டிடம் கேளுங்கள். நீங்களாக இரும்பு மாத்திரை ஆரம்பிக்காதீர்கள். டாக்டர் எழுதிக்கொடுத்தால் டீ, காபியோடு சேர்த்துக் கொடுக்க வேண்டாம், சத்து ஒட்டாது.

ஏற்கெனவே ஏதாவது டப்பா வாங்கியிருந்தால் ஒளிக்காமல் மயக்க மருந்து டாக்டரிடம் காட்டுங்கள். மீன் எண்ணெய், பூண்டு மாத்திரை இருந்தால் அதையும் சேர்த்துத்தான். ரத்தம் உறைவதில் அவை கை வைக்கக்கூடும்.