புதிர் நெல்லும் புக்கைப் பானையும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்களுடையது காலபோக (மாரிமழையில் விளையும் போக) வயல். தைப்பொங்கலன்று கதிர் பால் பிடித்த நிலையிலேயே நிற்கிறது. கடைப் பச்சையரிசியில் பொங்கிவிட்டு அதைப் புத்தரிசிப் பொங்கல் என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. "ஊரிலே எல்லாரும் அப்படித்தானே பிள்ளை" என்கிறார் மாமி. என்ன செய்யலாம்?
(வாசகி, விசுவமடு)

பதில்: பொங்குவதில் மாமி சொல்வது சரி, அதற்குப் புத்தரிசிப் பொங்கல் என்று பெயர் வைக்கக் கூடாது என்பதில் நீங்கள் சொல்வது சரி. வன்னியில் ஐப்பசி மழையை நம்பி விதைக்கும் மூன்றரை மாத நெல், ஒக்டோபர் நடுப்பகுதியில் விதைத்தாலும் ஜனவரி கடைசியில்தான் அரிவாளுக்கு வரும். நாலு மாத நெல்லென்றால் மாசிக்குப் போய்விடும். தைப்பொங்கலோ ஜனவரி 14 அல்லது 15இல் வந்து நிற்கிறது. இந்த இடைவெளியை நமது முன்னோர் அறியாதவர்கள் அல்லர். அதனால்தான் தை முதல் நாளைச் சூரியனுக்கு உரியதாகவும், தைப்பூசத்தைப் புதிருக்கு, அதாவது புது நெல்லின் முதற் கதிரை வீட்டுக்கு எடுத்து வந்து உண்ணும் சடங்குக்கு, உரியதாகவும் பிரித்து வைத்தார்கள். தைப்பொங்கல் பானைக்குள் போவது பழைய நெல்லின் அரிசியாக இருப்பதில் எந்தக் குறையும் இல்லை. கடை அரிசி மனத்தை உறுத்துமானால், வருகிற அறுவடையில் ஒரு மூட்டை நெல்லை அவிக்காமல் புறம்பாக எடுத்து வையுங்கள். மார்கழிக் கடைசியில் அதை ஆலையில் குற்றினால் உங்கள் வயலின் பச்சையரிசியே முற்றத்துக்கு வந்துவிடும். அறுவடையான உடனே முழு நெல்லையும் ஈரத்தோடு விற்றுவிட்டு, பத்து மாதம் கழித்து அரிசிக்குக் கடை வாசலில் நிற்கும் வழக்கம் இப்போது பரவிவிட்டது. எனக்கு வருத்தம் அதிலேதான் இருக்கிறது. பானையில் கிடப்பது பழைய அரிசி என்பதில் அல்ல.

புதிர் எடுக்கும் வழக்கம் உங்கள் வீட்டில் நின்று போயிருந்தால், அதைத் திரும்பத் தொடங்குவதற்குப் பெரிய ஆயத்தம் தேவையில்லை. தைப்பூசத்தன்று காலையில் குளித்து, குடும்பமாக வயலுக்குப் போய், நன்றாக முற்றிய மூலை ஒன்றில் ஒரு பிடி கதிரை அரிவாளால் அறுத்து வாருங்கள். அறுவடை இயந்திரம் வரம்பேறுவதற்கு முன்னரே இதைச் செய்துவிட வேண்டும். அது ஒருமுறை ஓடிய வயலில் முழுக் கதிரைத் தேடிப் பிடிப்பது வீண் வேலை. சில கதிர்களைச் சுவாமி அறையில் கட்டித் தொங்கவிட்டு, மிச்சத்தைக் கையால் உதிர்த்து, உரலில் குற்றி, கிடைக்கும் அரிசி ஒரு சுண்டு கூட வராவிட்டாலும் பழைய அரிசியோடு கலந்து பொங்கி, வீட்டில் மூத்தவர் முதலில் உண்ண மற்றவர்கள் சேர்ந்து உண்ணலாம். சில ஆண்டுகளில் தைப்பூசம் பொங்கலை ஒட்டியே வந்துவிடும். அப்போது கதிர் இன்னும் பச்சையாக இருந்தால், முற்றிய பிறகு வரும் நல்ல நாள் ஒன்றில் எடுங்கள்; முற்றாத நெல்லை அறுப்பதால் யாருக்கும் புண்ணியமில்லை.

கேள்வி: ரொறன்ரோவிலிருந்து மகனின் குடும்பம் பாடசாலை விடுமுறைக்கு வந்து ஒரு மாதம் நிற்கப் போகிறது. பேரப்பிள்ளைகளுக்கு நமது கொண்டாட்டம் ஒன்றையாவது காட்ட ஆசை. ஆனால் பொங்கலும் இல்லை, தீபாவளியும் இல்லை. மகனோ கடற்கரை ஹோட்டல் ஒன்றில் நாலு நாள் நிற்கலாம் என்கிறான்.
(வாசகர், கிளிநொச்சி)

பதில்: கனடாவில் பாடசாலைகள் ஜூன் கடைசியில் மூடிவிடுவதால், ஜூலை இரண்டாம் வாரத்துக்குள் வந்து இறங்கும்படி மகனிடம் சொல்லுங்கள். ஜூலை 16 அல்லது 17இல் ஆடிப்பிறப்பு வருகிறது. பிள்ளைகள் வெறுமனே நின்று பார்க்காமல் கைவைத்துச் செய்யக்கூடிய பண்டிகை நமக்கு இதைப்போல வேறொன்று இல்லை. ஊறவைத்த பச்சையரிசியை இடித்து மாவாக்கி, அதில் ஒரு பகுதியைக் குழைத்துச் சிறு உருண்டைகளாகப் பிடிக்கும் வேலையைப் பேரப்பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். அளவு கோணினாலும் கூழ் கோபிக்காது. வறுத்த பயறும் தேங்காய்ச் சொட்டும் அவிந்து வரும்போது உருண்டைகளைப் போட்டு, அவை வெந்ததும் மிச்ச மாவையும் பனங்கட்டியையும் தேங்காய்ப்பாலில் கரைத்து ஊற்றி, அடிப்பிடிக்காமல் துழாவ வேண்டும். பனங்கட்டிக்குப் பதிலாகச் சீனி போடும் வீடுகள் இருக்கின்றன. அப்படிச் செய்தால் அதைப் பாயாசம் என்று சொல்லிக் கொடுங்கள். கூழைக் குடிக்கப் பலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்திக் கொடுத்தால், பிள்ளைகள் கரண்டியைக் கேட்கமாட்டார்கள். கொழுக்கட்டையும் அன்றே அவித்துவிடலாம்.

சுற்றுலாவுக்கு இரணைமடுவை எல்லோரும் சொல்வார்கள். 1902இல் கட்டத் தொடங்கி 1920இல் முடித்த குளம் அது. கனகராயன் ஆற்றின் நீரைத் தேக்குவது. ஆனால் ஓகஸ்ட் மாதத்தில் வான்கதவுகளில் நீர் கொட்டும் காட்சியை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமே மிஞ்சும். அது மார்கழி மழைக்கு உரியது. ஓகஸ்டில் பார்க்க வேண்டியது குளத்துக்குக் கீழே நடக்கும் சிறுபோக (குளத்து நீரில் விளையும் கோடைப் போக) அறுவடை. அந்த நெல்லை விளைவித்த நீர்தான் குளத்தில் குறைந்திருக்கிறது என்பதை வாய்க்கால் கரையில் நின்று காட்டினால் பிள்ளைகளுக்குப் பத்துப் புத்தகத்தின் பாடம் கிடைக்கும். கனகாம்பிகை அம்மனை வணங்கிவிட்டு, மதியச் சாப்பாட்டை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போய், தாமரையிலையில் பரிமாறி மர நிழலில் உண்ணலாம். வன்னிக் குளங்களில் முதலை உண்டு என்பதால் பிள்ளைகளைத் தண்ணீரில் இறங்க விடாதீர்கள். ஹோட்டல் விடயத்தில் மகனோடு வாதாட வேண்டாம். ஆடிப்பிறப்பு முடிந்த பிறகு அவர்கள் நாலு நாள் போய் வரட்டும். மருமகளுக்கும் சமையலறையிலிருந்து ஓய்வு வேண்டாமா?

கேள்வி: பிள்ளைகளின் அம்மம்மா கத்தோலிக்கர், அப்பம்மா சைவர். இருவரையும் ஒரே பயணத்தில் மகிழ்விக்க முடியுமா?
(வாசகர், வவுனியா)

பதில்: ஒரே பயணத்தில் இருவரையும் திருப்திப்படுத்த முயன்றால் இருவருக்கும் அரைகுறையாகவே முடியும். இரண்டு பயணமாக வைத்துக்கொண்டு, இரண்டிலும் இருவரையும் கூட்டிச் செல்லுங்கள். வைகாசி விசாகத்தை ஒட்டிய திங்களன்று வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் இரவிரவாக நடக்கும். அதற்கு முன்னைய வாரத்தில் கடலில் எடுத்த நீரை ஊற்றி முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் எரிக்கும் விளக்கை, எந்தச் சமயத்தவராக இருந்தாலும் ஒருமுறை பார்க்கத்தான் வேண்டும். மடு மாதாவின் ஆவணித் திருநாள் ஓகஸ்ட் 15இல். அங்கே சைவக் குடும்பங்களும் காலங்காலமாகப் போய்க் கூடாரமடித்துத் தங்கிச் சமைத்து உண்கின்றன என்பதை அப்பம்மாவுக்குச் சொல்லத் தேவையிராது. அவர் சிறுவயதில் போயிருக்கவும் கூடும். இரண்டு இடத்திலும் சனநெரிசல் அதிகம். மூத்தவர்களுக்கு மடக்குக் கதிரையும் குடிநீரும் மருந்துப் பையும் கட்டாயம். மடுவுக்குப் போகும் காட்டு வீதியில் யானை நடமாட்டம் உள்ளதால் பொழுதுபடுவதற்கு முன் போய்ச் சேருங்கள்.

கேள்வி: விடுமுறையில் வரும் பிள்ளைகளைப் பாலைப்பழம் பறிக்கக் காட்டுக்குக் கூட்டிச் செல்லலாமா?
(வாசகி, மாங்குளம்)

பதில்: வேண்டாம். பாலைப்பழம் கரடிக்கும் மிகவும் விருப்பமானது. அத்துடன், கண்ணிவெடி அகற்றி முடியாத இடங்களில் மண்டையோட்டுக் குறியிட்ட சிவப்புப் பலகைகள் இன்னமும் நிற்கின்றன. வீதியோரத்தில் விற்பவர்களிடம் வாங்கிக் கொடுங்கள். உதட்டில் ஒட்டும் பழத்தின் பாலைத் தேங்காயெண்ணெய் தடவித் துடைக்கலாம்.

கேள்வி: தீபாவளியன்று ஆட்டிறைச்சி சமைப்பது சரியா? வீட்டில் ஒவ்வொரு வருடமும் இதே வழக்கு.
(வாசகர், புதுக்குடியிருப்பு)

பதில்: இந்த வழக்கு உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதில்லை. விடிய எண்ணெய் வைத்து முழுகி, புத்தாடை உடுத்து, கோயிலுக்குப் போய்வந்து, மதியம் பங்கு இறைச்சியை (ஊரில் ஆடு அடித்துப் பங்கு போட்டு வாங்குவதை) கறியாக்கும் வீடுகள் வன்னியில் நிறைய இருக்கின்றன. அதேவேளை, கேதாரகௌரி விரதம் ஐப்பசி அமாவாசையில்தான் நிறைவு பெறுகிறது. இருபத்தொரு நாள் விரதமிருந்த தாயார் காப்புக் கட்டக் கோயிலுக்குப் போகும் நாளில் அடுப்பில் இறைச்சி கொதிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர் அடுத்த நாளே கந்தசஷ்டியும் பிடிப்பவரானால், அதற்கும் மேலே ஆறு நாளும் பாறணையும் இருக்கின்றன. ஆகவே தீபாவளியன்று வடை பாயாசத்தோடு மரக்கறிச் சமையல் நடக்கட்டும். பாறணை முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு ஆட்டுப் பங்கு வேண்டுமென்று ஊரில் பங்கு போடுபவரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். தீபாவளி முடிந்த பிறகு கேட்டால் ஈரல் கிடைக்காது.